விசில் ஒன்று, தீர்ப்பு இரண்டா?

நடுவர் என்பவர் யார்? இரண்டு பக்கத்திற்கும் நடுவில் நிற்பவர். எந்தப் பக்கமும் சாயாதவர். அப்படிப்பட்ட ஒருவர், ஆட்டத்தின் தொடக்கத்தில் குற்றம் என்று சொன்ன செயலை ஆட்டத்தின் முடிவில் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டால் என்ன நடக்கும்? "எங்களைத் தோற்கடித்தது எதிரணி அல்ல, நடுவர்தான்" என்று தோற்ற குழுவின் ரசிகர்கள் கொதித்தெழுவார்கள். எல்லா விளையாட்டுகளிலும் கேட்கும் குரல்தான் இது. ஆனால் பருவம் முழுவதும், வாரந்தவறாமல், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாளேடுகளிலும் இந்தக் குரல் ஓயாமல் ஒலிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுதான் ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து.

மெல்பர்னிலும் பெர்த்திலும் அடிலெய்டிலும் படித்துவிட்டுத் திரும்பிய மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களுக்கு 'ஃபூட்டி' என்ற பெயர் பழக்கமானது. மற்றவர்கள் தொலைக்காட்சியில் எப்போதாவது பார்த்திருப்பார்கள். "பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், திடீரென்று விசில் ஊதுகிறார்கள், எதற்கு என்றே தெரியவில்லை" என்று அலைவரிசையை மாற்றியும் இருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த விசில் எதற்கு என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த ரசிகர்களுக்கும் பல நேரங்களில் புரிவதில்லை.

நடுவர்கள் திறமையற்றவர்களா? பக்கச் சார்பு உள்ளவர்களா? அல்லது விதிகளிலேயே கோளாறு இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால், முதலில் ஆட்டத்தைச் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும்.

பத்து விதிகளில் பிறந்த ஆட்டம்

1858ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், மெல்பர்ன் நகரில் ஸ்காட்ச் கல்லூரிக்கும் மெல்பர்ன் கிராமர் பள்ளிக்கும் இடையே ஓர் ஆட்டம் தொடங்கியது. பக்கத்துக்கு 40 பேர். நடுவர்கள் இருவர். மறு ஆண்டு மே 17ஆம் நாள், மெல்பர்ன் காற்பந்து மன்றத்தினர் சிலர் கூடி விதிகளை எழுதினார்கள். மொத்தம் பத்தே விதிகள். ஒரு தாளில் அடங்கிவிடக்கூடியவை. இன்று அந்த விதிகள் ஒரு புத்தகமாகிவிட்டன.

இன்றைய ஆட்டத்தில் பக்கத்துக்கு 18 பேர். திடல் நீள்வட்டமானது. அதன் நீளம் 135 மீட்டரிலிருந்து 185 மீட்டர் வரையிலும், அகலம் 110 மீட்டரிலிருந்து 155 மீட்டர் வரையிலும் இருக்கலாம். வழக்கமான காற்பந்துத் திடல் ஏறத்தாழ 105க்கு 68 மீட்டர்தான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நடுவர் எவ்வளவு பரப்பைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். பந்தும் உருண்டை அல்ல, முட்டை வடிவம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளிகள். பக்கத்து இடைவெளியில் சென்றாலோ, கோல் கம்பத்தில் பட்டுவிட்டாலோ 'பிஹைண்ட்', 1 புள்ளி.

'ஆஃப்சைட்' என்ற பேச்சே கிடையாது. அதனால் பந்து எங்கே விழுகிறதோ அங்கே நான்கு திசையிலிருந்தும் ஆட்டக்காரர்கள் பாய்வார்கள். பந்தை எடுத்தவர் ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்கு ஒருமுறையாவது பந்தைத் தரையில் தட்ட வேண்டும் அல்லது தரையில் பட வைக்க வேண்டும். பந்தை வீசி எறியக் கூடாது. உதைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கையில் வைத்து, மறு கையை மடக்கிக் குத்தி அனுப்ப வேண்டும். யாராவது உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்து வந்து, இடையில் எவர் கையும் படாமல் ஒருவர் பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவர் யாருடைய இடையூறும் இல்லாமல் பந்தை உதைக்கலாம்.

15 மீட்டர் என்று விதி சொல்கிறது. ஆனால் திடலில் இதற்கெனக் கோடு எதுவும் போடப்பட்டிருக்காது. ஓடிக்கொண்டே இருக்கும் நடுவர் கண்ணளவில் சொல்ல வேண்டும். 14 மீட்டரா, 16 மீட்டரா? வம்பு இங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

கூட்டம் கத்தும் ஒரே சொல்

ஆஸ்திரேலிய அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் கத்தும் சொல் ஒன்று உண்டு. "பா...ல்!" என்பதே அது. தமிழ்க் காதில் விழுந்தால் பால் வியாபாரம் நடப்பதுபோல் தோன்றும்! உண்மையில் அது நடுவருக்குக் கொடுக்கப்படும் நெருக்கடி. "பந்தை வைத்துக்கொண்டு விடாமல் இருக்கிறார், விசிலை ஊது" என்பது அதன் பொருள்.

பந்தை வைத்திருப்பவரை எதிரணி ஆட்டக்காரர் மடக்கிப் பிடிக்கலாம். இதை 'டேக்கிள்' என்பார்கள். பிடிபட்டவர் பந்தை விடாமல் வைத்துக்கொண்டால் அது குற்றம். எதிரணிக்கு 'ஃபிரீ கிக்' கிடைக்கும். கேட்பதற்கு எளிமையான விதிதான். ஆனால் அந்த ஒரு நொடியில் நடுவர் தம் மனத்துக்குள் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி: பிடிபடுவதற்கு முன்பே பந்தை விடுவதற்கு அவருக்கு வாய்ப்பு இருந்ததா? இரண்டாவது: பிடித்தவர் தோளுக்குக் கீழும் முழங்காலுக்கு மேலும் முறையாகப் பிடித்தாரா, அல்லது கழுத்தைப் பிடித்தாரா, முதுகில் தள்ளினாரா? மூன்றாவது: பந்து கையைவிட்டுப் போனது என்றால் அது முறையான உதையா, குத்தா, அல்லது நழுவ விட்டதா? நான்காவது: முன்பே வாய்ப்பு இல்லாதவர் என்றால், பந்தை விட உண்மையாகவே முயன்றாரா, அல்லது முயல்வதுபோல் நடித்தாரா?

இவற்றுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். பிடித்தவருக்கு ஃபிரீ கிக் கிடைக்கலாம். பிடிபட்டவருக்கே ஃபிரீ கிக் கிடைக்கலாம். இருவருக்கும் இல்லை என்று சொல்லி நடுவர் பந்தை மேலே வீசி ஆட்டத்தைத் தொடங்கலாம். அல்லது எதுவுமே செய்யாமல் ஆட்டத்தைத் தொடர விடலாம். பார்வைக்கு ஒரே மாதிரியாக இருக்கும் ஒரு பிடிக்கு நான்கு விதமான முடிவுகள்! நூறு மீட்டர் தொலைவில் உட்கார்ந்திருக்கும் ரசிகருக்கு நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். "சற்றுமுன் ஊதினாரே, இப்போது ஏன் ஊதவில்லை?" என்று அவர் கேட்பதில் வியப்பில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'முன் வாய்ப்பு', 'நியாயமான நேரம்', 'உண்மையான முயற்சி' ஆகிய மூன்றும் சொற்களே தவிர அளவுகள் அல்ல. டென்னிஸ் பந்து கோட்டில் பட்டதா என்பதைக் கருவி கொண்டு சொல்லிவிடலாம். காற்பந்தில் ஆஃப்சைடைக் கோடு போட்டுப் பார்க்கலாம். நியாயமான நேரத்தை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது?

ஓர் ஆட்டத்தில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பிடிகள் நடக்கும். ஆனால் எல்லாவிதக் குற்றங்களுக்கும் சேர்த்து, இரு குழுக்களுக்கும் கிடைக்கும் ஃபிரீ கிக்குகள் ஏறத்தாழ 40தான். அப்படியானால் பெரும்பாலான நேரங்களில் நடுவர் எடுக்கும் முடிவு, விசிலை ஊதாமல் இருப்பது. ஊதாத விசிலும் ஒரு தீர்ப்புதான். இதனால்தான் நடுவர்களின் பணியை மதிப்பிடுபவர்கள் தவறுகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, கொடுத்திருக்கக் கூடாத ஃபிரீ கிக். மற்றொன்று, கொடுக்கத் தவறிய ஃபிரீ கிக். முதல் வகைத் தவற்றுக்குப் பயந்து விசிலை ஊதாமல் இருந்தால் இரண்டாம் வகைத் தவறு பெருகும். இரண்டாவதற்குப் பயந்து அடிக்கடி ஊதினால் முதலாவது பெருகும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதில் ஒரு நடுவருக்கும் மற்றொரு நடுவருக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

விதி மாறவில்லை, விளக்கம் மாறியது

ரசிகர்களை அதிகமாகக் குழப்புவது விதிகள் அல்ல. விதிகளுக்குக் கொடுக்கப்படும் விளக்கங்கள். தேசியப் போட்டியை நடத்தும் ஏ.எஃப்.எல். அமைப்பு, சில விதிகளை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நடுவர்களுக்கு அவ்வப்போது புதிய கட்டளை பிறப்பிக்கிறது.

2007ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். பந்தைப் பிடிக்க இருவர் போட்டியிடும்போது, முன்னால் நிற்பவரின் முதுகில் பின்னால் நிற்பவர் கையை வைத்தாலே குற்றம் என்று அந்த ஆண்டில் கண்டிப்பு வந்தது. அதுவரை தள்ளினால்தான் குற்றம் என்று நினைத்து ஆடியவர்கள் திகைத்துப் போனார்கள். 2019இல் அந்தக் கண்டிப்பு கைவிடப்பட்டது. தள்ளாதவரை கையை வைக்கலாம் என்று ஆயிற்று. அதாவது, ஒரே செயல் 2006இல் குற்றமில்லை, 2007இல் குற்றம், 2019இல் மறுபடியும் குற்றமில்லை. நீண்ட காலம் ஆடிய ஓர் ஆட்டக்காரர் தம் கைகளை மூன்று முறை பழக்கியிருக்க வேண்டும்.

இவையாவது பருவங்களுக்கு இடையே வந்த மாற்றங்கள். பருவத்தின் நடுவிலேயே வந்தவையும் உண்டு. கழுத்துக்கு மேல் பிடித்தால் ஃபிரீ கிக் என்பது ஆட்டக்காரரின் பாதுகாப்புக்காக உள்ள விதி. ஆனால் சிலர் வேண்டுமென்றே குனிந்தும், முழங்காலை மடக்கியும், கையை உயர்த்தியும், எதிராளியின் பிடி தம் கழுத்துக்கு வரும்படி செய்து ஃபிரீ கிக் பெறத் தொடங்கினார்கள். 2022 ஜூலையில், அப்படித் தாமே வரவழைத்துக்கொண்ட பிடிக்கு ஃபிரீ கிக் இல்லை என்று விளக்கம் வந்தது. ஜூன் மாதம் கிடைத்தது ஜூலை மாதம் கிடைக்கவில்லை.

2024 பருவத்தின் நடுவிலும் இதுவே நடந்தது. பிடிபட்டவர் பந்தை விடுவதற்குக் கொடுக்கப்படும் 'நியாயமான நேரம்' நீண்டுகொண்டே போகிறது, பிடித்தவருக்குப் பலனே இல்லை என்ற புகார் எழுந்தது. அந்த நேரத்தைக் குறைக்கும்படி நடுவர்களுக்குச் சொல்லப்பட்டது.

இதைக் கேட்கும்போது, "ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தராசை மாற்றலாமா?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நடுவர் விசில் ஊதத் தாமதித்தால், பிடித்தவர் எதிராளியை இறுக்கிச் சுழற்றித் தரையில் வீழ்த்துவார். கைகள் கட்டுண்ட நிலையில் விழுபவரின் தலை நேராகத் தரையில் மோதும். தலையில் அடிபட்டு மூளை அதிர்வதால் ஏற்படும் பாதிப்பு, ஆட்டத்தை விட்டு ஓய்வு பெற்ற பின்னரும் ஒருவரைத் துரத்தக்கூடியது. அடுத்த பருவம் வரும்வரை காத்திருந்தால் இன்னும் பலர் அடிபடலாம். இப்படிப்பட்ட நேரத்தில் சீர்மையை விட உயிரின் பாதுகாப்பு முக்கியம் என்று முடிவெடுப்பதில் தவறில்லை. ஆனால் மாற்றத்தை வெளிப்படையாக, எல்லாருக்கும் ஒரே நாளில், காரணத்தோடு சொல்ல வேண்டும். இல்லையென்றால் பழி முழுவதும் விசில் வைத்திருப்பவர் தலையில்தான் விழும்.

ஒருவரா, நால்வரா?

விக்டோரியா மாநிலத்தின் பெரிய லீக்கில் 1976ஆம் ஆண்டுவரை களத்தின் நடுவே ஒரே ஒரு நடுவர்தான் ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டில் இருவரானார்கள். 1994இல் மூவர். 2023இல் நால்வர். இவர்களோடு எல்லைக் கோட்டைக் கவனிக்க நால்வர், கோல் கம்பங்களுக்குப் பின்னால் இருவர் என மொத்தம் பத்துப் பேர் இன்று ஓர் ஆட்டத்தை நடத்துகிறார்கள்.

நடுவர்கள் கூடினால் தவறு குறையும் என்பது பொதுவான எண்ணம். ஓரளவு உண்மைதான். ஆட்டத்தின் வேகம் கூடிவிட்டது. பந்து ஒரே உதையில் 50 மீட்டர் பறக்கிறது. ஒருவரால் எல்லாவற்றையும் அருகில் நின்று பார்க்க முடியாது. ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரே நடுவர் இருந்த காலத்தில் அவர் பார்க்கத் தவறியவை அதிகமாக இருந்திருக்கும். ஆனால் பார்த்தவற்றுக்கு ஒரே மனிதரின் அளவுகோல்தான். "இவர் கண்டிப்பானவர், இவர் விட்டுப் பிடிப்பவர்" என்று முதல் பத்து நிமிடத்திலேயே ஆட்டக்காரர்கள் புரிந்துகொண்டு அதற்கேற்ப ஆடலாம். நால்வர் இருக்கும்போது திடலின் ஒரு முனையில் ஓர் அளவுகோல், மறுமுனையில் வேறோர் அளவுகோல் என்று ஆகிவிடக்கூடும். கண்கள் கூடினால் பார்வை கூடும்; மனங்கள் கூடினால் கருத்து வேற்றுமையும் கூடும். அதைச் சரிக்கட்ட நால்வரும் வாரந்தோறும் ஒன்றாக உட்கார்ந்து காட்சிகளைப் பார்த்துப் பேசிப் பழக வேண்டியிருக்கிறது.

கூச்சலும் மனித மனமும்

"சொந்த ஊர்க் குழுவுக்குத்தான் ஃபிரீ கிக் அதிகம் கிடைக்கும்" என்பது ஆஸ்திரேலிய ரசிகர்களின் நெடுநாளைய புகார். இது வெறும் கற்பனையா?

வழக்கமான காற்பந்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஓர் ஆட்டத்தின் 47 மோதல்கள் திரையில் காட்டப்பட்டன. ஒரு பிரிவினருக்கு ரசிகர்களின் கூச்சலோடு. மற்றப் பிரிவினருக்கு ஒலியே இல்லாமல். கூச்சலைக் கேட்டவர்கள், சொந்த ஊர்க் குழுவுக்கு எதிராகச் சொன்ன குற்றங்கள் 15.5 விழுக்காடு குறைவாக இருந்தன. அவர்கள் யாரும் கையூட்டு வாங்கவில்லை. யாரையும் ஏமாற்ற நினைக்கவும் இல்லை. சந்தேகம் வரும் நேரத்தில் காது கண்ணைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

மற்றொன்று, 'ஈடு கட்டும்' மனப்பான்மை. ஒரு குழுவுக்குச் சாதகமாகப் பெரிய தீர்ப்பு ஒன்றைச் சொல்லிவிட்டால், அடுத்தது மற்றக் குழுவுக்குப் போகட்டும் என்று மனம் தானாகச் சாய்வது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு, காற்பந்தில் 'பெனால்டி' கொடுக்கும் முடிவுகளில் இந்தப் போக்கு இருப்பதைக் காட்டியது. ஒரு குழுவுக்கு ஒருமுறை பெனால்டி கொடுத்தபின், அதே குழுவுக்கு மறுபடி கொடுக்கும் வாய்ப்பு குறைந்தது. எதிரணிக்குக் கொடுக்கும் வாய்ப்பு கூடியது.

இந்தச் சாய்வு பார்ப்பதற்கு நியாயம்போல் தோன்றும். ஆனால் இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. முதல் தவற்றால் ஒரு குழு பாதிக்கப்பட்டது. அதை ஈடுகட்டச் செய்த இரண்டாம் தவற்றால் ஆட்டமே பாதிக்கப்படுகிறது.

படக்கருவி தீர்வாகுமா?

2009 இறுதி ஆட்டத்தில் ஜீலோங் குழுவின் டாம் ஹாக்கின்ஸ் உதைத்த பந்து கம்பத்தில் பட்டது. ஆனாலும் கோல் என்று அறிவிக்கப்பட்டது. 2011 இறுதி ஆட்டத்திலும் அதேபோல் கம்பத்தில் பட்ட ஒரு பந்து கோலானது. ஆண்டின் மிகப் பெரிய ஆட்டத்திலேயே இப்படி நடந்ததால் 2012 முதல் காணொளி மறுஆய்வு கொண்டுவரப்பட்டது. 2019இல் அதற்கென மெல்பர்னில் ஒரு தனி மையமே அமைக்கப்பட்டது.

சிக்கல் தீர்ந்ததா? 2022 செப்டம்பர் முதல் நாள் பிரிஸ்பனில் நடந்த நாக்-அவுட் ஆட்டத்தில், ரிச்மண்ட் குழுவின் டாம் லிஞ்ச் உதைத்ததைக் கோல் நடுவர் கோல் என்றே கருதினார். மறுஆய்வு மையம் அதை மாற்றி பிஹைண்ட் என்றது. ரிச்மண்ட் 2 புள்ளிகளில் தோற்றுப் பருவத்தை முடித்துக்கொண்டது. காட்சி அவ்வளவு தெளிவாக இருந்ததா என்ற விவாதம் பல நாள் ஓடியது.

மறு ஆண்டு ஆகஸ்டில் நடந்தது இதைவிட வேதனையானது. அடிலெய்ட் குழு சிட்னியை எதிர்த்து ஆடியது. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக இருந்தபோது பென் கீஸ் உதைத்த பந்து கோலுக்குள் சென்றது. கம்பத்தில் பட்டது என்று கோல் நடுவர் நினைத்து பிஹைண்ட் என்று அறிவித்தார். மறுஆய்வு கேட்கப்படவில்லை. அடிலெய்ட் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. மறுநாள் ஏ.எஃப்.எல். தலைமை நிர்வாகி கில்லன் மக்லாக்லன் அது கோல்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஆட்ட முடிவு மாறவில்லை. அடிலெய்ட் இறுதிச் சுற்றுகளுக்குப் போகவும் இல்லை.

கருவி இருந்தும் ஏன் பயன்படவில்லை? கோல் விழுந்தால் பந்து திடலின் நடுவுக்குத் திரும்ப வேண்டும். அந்த இடைவெளியில் காட்சியைச் சரிபார்க்கலாம். பிஹைண்ட் என்றால் தற்காப்பு ஆட்டக்காரர் உடனே பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார். நேரமே இருக்காது. ஆகவே ஒருவகைத் தவறு எளிதில் அகப்பட்டது. மற்றொரு வகை நழுவியது. கருவியும் சீராக நடந்துகொள்ள வேண்டுமென்றால் அதை எப்போது பயன்படுத்துவது என்ற விதி சீராக இருக்க வேண்டும்.

மேலும், கம்பத்தில் பட்டதா இல்லையா என்பதைத்தான் படக்கருவி சொல்லும். 'உண்மையான முயற்சி' செய்தாரா என்பதை எந்தப் படக்கருவியும் சொல்லாது. நூற்றுக்கும் மேற்பட்ட பிடிகளை ஒவ்வொன்றாகத் திரையிட்டுப் பார்த்தால் ஆட்டம் நள்ளிரவிலும் முடியாது.

மனத்தைப் படிக்கும் வேலை வேண்டாமே!

எனவே சிலர் வேறொரு வழியைச் சொல்கிறார்கள். நடுவர் ஊகிக்க வேண்டிய இடங்களைக் குறைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

பந்தை வேண்டுமென்றே எல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ளினால் குற்றம் என்பது பழைய விதி. பின்னர் அது, பந்தைக் களத்துக்குள் வைத்திருக்க 'போதிய எண்ணம்' இல்லாவிட்டால் குற்றம் என்று ஆனது. ஒருவருடைய எண்ணம் போதுமா, போதாதா என்று நடுவர் எப்படிச் சொல்வார்? தென் ஆஸ்திரேலிய லீக் 2016இலேயே இதற்கு ஒரு வழி கண்டது. கடைசியாகப் பந்தை உதைத்தோ குத்தியோ வெளியே அனுப்பிய குழுவுக்கு எதிராக ஃபிரீ கிக். எண்ணம் பற்றிய பேச்சே இல்லை. ஏ.எஃப்.எல். அமைப்பும் 2026 பருவம் முதல், இரு முனைகளிலும் உள்ள 50 மீட்டர் வளைவுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் இம்முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில், நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் பழைய வழக்கமும் நிறுத்தப்பட்டது. முட்டை வடிவப் பந்து ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் எழும்பாது. ஒரு குழுவின் பக்கம் சாய்ந்து எழும்பினால் அதுவும் அநீதிதானே? இப்போது நடுவர் பந்தை மேலே வீசுகிறார்.

ஒரு சாரார் இதை வரவேற்கிறார்கள். மறு சாரார், "பாரம்பரியம் போய்விட்டது, ஆட்டம் இயந்திரம்போல் ஆகிவிடும்" என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஊகம் குறைந்தால் சீர்மை கூடும். ஆனால் சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் அறிவுக்கு இடமும் குறையும். தற்செயலாக நழுவி வெளியே போன பந்துக்கும் தண்டனை கிடைக்கும்.

சிறுவர் திடலில் விசில் ஊதுபவர்

இந்த விவாதத்தில் பலர் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். வார இறுதியில் சிறுவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கும் இளையர். அவரும் பல நேரங்களில் பள்ளி மாணவர்தான். பெரிய அரங்கில் ஆட்டக்காரர் நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறார், முறைக்கிறார், கத்துகிறார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த பெற்றோர் மறுநாள் பக்கத்துத் திடலில் அந்த இளையரைப் பார்த்து அதையே செய்கிறார்கள். அவர் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வார். மூன்றாவது வாரம் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

2022இல் ஆஸ்திரேலியா முழுவதும் சுமார் 6,000 நடுவர்கள் பற்றாக்குறை என்று சொல்லப்பட்டது. அந்த ஆண்டில் ஏ.எஃப்.எல். அமைப்பு கண்டிப்பான நடவடிக்கை எடுத்தது. நடுவரின் தீர்ப்பை எதிர்த்துக் கைகளை விரித்துக் காட்டினாலே, பந்தை 50 மீட்டர் முன்னால் கொண்டுபோய் எதிரணிக்குக் கொடுக்கும் தண்டனை. நோக்கம் நல்லதுதான். ஆனால் இங்கும் பழைய சிக்கல் தலைதூக்கியது. ஓர் ஆட்டத்தில் கையை விரித்தவருக்குத் தண்டனை. வேறோர் ஆட்டத்தில் அதே செயலுக்கு ஒன்றுமில்லை. நடுவரைக் காக்க வந்த விதியே நடுவர்மேல் புதிய புகாரைக் கொண்டுவந்தது.

சீரான தீர்ப்பு என்பது என்ன?

சீரான தீர்ப்பு என்று சொல்லும்போது எல்லாரும் ஒரே பொருளில் சொல்வதில்லை. குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு. ஒன்று, ஓர் ஆட்டத்தில் இரு குழுக்களுக்கும் ஒரே அளவுகோல். இரண்டு, ஒரு நடுவருக்கும் அடுத்த நடுவருக்கும் ஒரே அளவுகோல். மூன்று, இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் ஒரே அளவுகோல்.

மூன்றாவது, பாதுகாப்புக்காகச் சில நேரம் மாறலாம். காரணத்தைச் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். இரண்டாவது, பயிற்சியால் நெருங்கி வரலாம்; முழுமையாக ஒன்றாகாது. முதலாவதில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமில்லை. நடுவர் கண்டிப்பானவராக இருக்கட்டும், தாராளமானவராக இருக்கட்டும். இரு குழுக்களுக்கும் அதே கண்டிப்பு, அதே தாராளம் இருந்தால் ஆட்டம் நியாயமானதே.

அதே நேரத்தில், ஃபிரீ கிக் எண்ணிக்கையை வைத்து நியாயத்தை அளக்கக் கூடாது. ஒரு குழுவுக்கு 25, மற்றதற்கு 15 என்றால் நடுவர் சாய்ந்துவிட்டார் என்று பொருளல்ல. பந்தை நோக்கி எப்போதும் முதலில் செல்லும் குழு பிடிபடும். பின்னால் துரத்தும் குழு தவறான இடத்தில் பிடிக்கும். அதனால் முதல் குழுவுக்கு ஃபிரீ கிக் கூடலாம். எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்று நடுவர் நினைக்கத் தொடங்கினால், அதுதான் உண்மையான அநீதி.

ஆகவே அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, அது எந்த விளையாட்டாக இருந்தாலும், நடுவரைத் திட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இது அளக்கக்கூடிய விஷயமா, ஊகிக்க வேண்டிய விஷயமா? எதிரணிக்கும் இதே தீர்ப்பு கிடைத்திருக்குமா? குறை நடுவரிடமா, அவர் கையில் கொடுக்கப்பட்ட விதியிலா? குறை விதியில் என்றால் கேள்வியை விதி எழுதியவர்களிடம் கேட்க வேண்டும். விசில் வைத்திருப்பவரிடம் கேட்பதால் விதி திருந்தாது. அடுத்த வாரம் விசில் ஊத ஆள் கிடைக்காமல் போகலாம்.